வசதிகள் பக்கத்தில் இருந்த ஏரி

கல்லும் கருவேலமும் தவிர வேறெதையும் விளைவிக்க மனமில்லாத ஒரு மேட்டில், யாருக்கும் வேண்டாத இடமாகப் பார்த்து அரசாங்கம் ஒதுக்கிக் கொடுத்த நிலத்தில், லாரித் தண்ணீரை நம்பி ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. கார்த்திகை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் விடிந்து பார்த்தபோது, அதன் நிர்வாகக் கட்டடத்துக்கும் விலங்கியல் துறைக்கும் நடுவே, முந்தின நாள் சாயங்காலம்வரை மாணவர்கள் கிரிக்கெட் ஆடிய பொட்டலில், ஓர் ஏரி வந்து கிடந்தது.

வெறும் தண்ணீராக அது வரவில்லை. கரையோடும் கரைமேல் வளைந்து போகும் மாட்டுத் தடத்தோடும், மடையோடும் மடைக்கல்லில் யாரோ துணி துவைத்துத் துவைத்து ஏற்பட்ட பள்ளத்தோடும், அல்லியோடும் கோரையோடும், கோரைக்குள் முட்டையிட்டிருந்த நீர்க்கோழிகளோடும் வந்தது. இரண்டு எருமைகளும் ஒரு கன்றும் கூடவே வந்திருந்தன. எருமைகள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று அசைபோட்டபடி துணைவேந்தர் அறையின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தன. அதிகாலைக் காவலில் இருந்த வாட்ச்மேன் துரைக்கண்ணு, உள்ளே வருவது எதுவானாலும் எழுதிவைக்க வேண்டும் என்ற உத்தரவின்படி, வாசல் நோட்டில் "ஏரி 1, எருமை 2, கன்று 1" என்று எழுதி, யாரைப் பார்க்க என்ற கட்டத்தில் கொஞ்சம் யோசித்து, "விலங்கியல்" என்று போட்டான்.

விலங்கியல் துறையில் சுகந்தி என்று ஒரு உதவிப் பேராசிரியை இருந்தாள். ஜன்னல் கதவைத் திறந்து ஏரியைப் பார்த்ததும் அவளுக்கு ஆச்சரியம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. சும்மா வார்த்தைக்கு "வீட்டுக்கு வாங்க" என்று சொல்லிவைக்க, மறுநாளே மூட்டை முடிச்சோடு வந்து நிற்கும் விருந்தாளியைக் கண்டவளைப்போல.

சுகந்தி விரால் மீன்களைப் படிப்பவள். விரால் குஞ்சுகள் முட்டையை விட்டு வந்ததும் செக்கச்சிவந்த ஒரு பந்தாகச் சேர்ந்து தண்ணீரின் மேல்மட்டத்தில் மிதக்கும். அந்தப் பந்துக்குக் கீழே, இருட்டில், ஆண் விரால் இரை தேடுவதை மறந்து காவல் நிற்கும். பந்து நகர்ந்தால் நகரும், நின்றால் நிற்கும். அதற்கு எப்படித் தெரிகிறது, குஞ்சுகள் அதனிடம் என்ன சொல்கின்றன என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. ஆனால் அவளிடம் இருந்தவை துறைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நான்கு சிமென்ட் தொட்டிகள். அதில் விட்ட விரால்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு வயதாகிப் போயினவே தவிர, குஞ்சு பொரிக்கவில்லை. அதனால் வருஷத்துக்கொரு முறை ஆராய்ச்சி நிதி கேட்டு அவள் ஒரு முன்மொழிவு எழுதுவாள், அது போன வழியே திரும்பி வரும்.

அப்படி எழுதுகிறவர்களுக்கு உதவுவதற்கென்றே நூலகத்தின் மாடியில் ஆய்வுத் திட்ட உதவி மையம் என்று ஒன்று இருந்தது. ஆசிரியர்கள் கொண்டுவரும் முன்மொழிவை அங்கே வாங்கி, செலவுக் கணக்கைச் சரிபார்த்து, நீளமான வாக்கியங்களை வெட்டி, பிறகு ஒத்திகை வைப்பார்கள். ஒத்திகை என்றால், சொந்தப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் மூன்று பேர் நிதி கொடுக்கும் டெல்லிக்காரர்களைப்போல முகத்தை வைத்துக்கொண்டு மேசைக்குப் பின்னால் உட்கார, எழுதியவர் எழுந்து நின்று பேச வேண்டும். சுகந்தியின் குரல் இரண்டாவது பெஞ்சைத் தாண்டாது. மையத்தின் இயக்குநர், வேதியியல் பேராசிரியர் ஞானப்பிரகாசம், காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "சுகந்தி, இந்தக் குரலுக்கு உன் விராலே திரும்பிப் பாக்காதும்மா" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், வேறு என்ன செய்வதென்று தெரியாமல்.

எல்லாம் முடிந்தபின் மையத்தில் கடைசியாக ஒரு பக்கம் கோத்துக் கொடுப்பார்கள். 'வசதிகள்' என்று அதற்குத் தலைப்பு. இயற்பியலாகட்டும், இலக்கணமாகட்டும், எல்லாருக்கும் அதே பக்கம்தான். மையம் தொடங்கிய புதிதில் இருந்த ஓர் எழுத்தர், மடைக்குறிச்சி என்ற ஊரின் ஏரிக்கரையில் இருந்த சின்ன விவசாயக் கல்லூரி ஒன்றின் பக்கத்தைப் பார்த்து அதை அடித்திருந்தார். கல்லூரியின் பெயரை மாற்றினார், முகவரியை மாற்றினார். ஏரியை மாற்ற மறந்துவிட்டார். "வளாகத்தினுள் வற்றாத பெரிய ஏரி ஒன்று உள்ளது" என்ற வரி அன்றிலிருந்து நூற்றுக்கணக்கான கோப்புகளின் வாலில் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்வந்தது. போகும்போதும் யாரும் அதைப் படிக்கவில்லை, வரும்போதும் யாரும் படிக்கவில்லை.

அந்த வருஷம்தான் எங்கோ ஒரு மதிப்பீட்டாளர் அதைப் படித்துவிட்டார். "உங்கள் வளாகத்திலேயே பெரிய ஏரி இருக்கும்போது, விரால்களைச் சிமென்ட் தொட்டியில் ஏன் வளர்க்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தார்.

சுகந்தி அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போனாள். அங்கே திட்ட உதவியாளராக இருந்த பர்வீன் அதைப் படித்துவிட்டு எழுந்துபோய் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். வெளியே புழுதி ஒரு சுற்றுச் சுற்றி அடங்கியது.

"ஏரியா மேடம்? நம்மகிட்டயா? ஹாஸ்டல்ல பல்லு விளக்கத் தண்ணி இல்லைன்னு நேத்துதான் ஸ்ட்ரைக் பண்ணாங்க."

ஞானப்பிரகாசம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்பப் போய் இல்லைன்னா, இதுவரைக்கும் அனுப்புன அத்தனை புரபோசலும் பொய்யாப் போயிடும். ஏரியிலயே செய்யறேன்னு எழுதிடும்மா. அவங்க எங்க வந்து பாக்கப் போறாங்க?"

சுகந்தி தலையாட்டிவிட்டு வந்தாள். அன்று மத்தியானம் முழுவதும் உட்கார்ந்து எழுதினாள். எழுதத் தொடங்கியபோது பயமாக இருந்தது. எழுத எழுத, பயம் போய், இத்தனை காலம் தொட்டிகளைப் பார்த்துப் பார்த்து அவளுக்குள் தேங்கிக் கிடந்ததெல்லாம் வழிந்து வந்தது. கோரை எந்தப் பக்கம் அடர்ந்திருக்கும், காலை வெயில் எந்தக் கரையில் முதலில் இறங்கும், சிவந்த பந்து எந்த அல்லி இலையின் ஓரமாக மிதக்கும் என்றெல்லாம் எழுதினாள். யாருமே படிக்காத ஒரு வரியை முதன்முதலாக ஒருத்தி நம்பி எழுதிவிட்டாள். மறுநாள் செவ்வாய்க்கிழமை.

ஏரி வந்ததும் பல்கலைக்கழகம் என்ன செய்தது என்றால், அதன்மேல் நம்பர் போட்டது. அங்கே நாற்காலி, அலமாரி, மின்விசிறி என எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் பெயின்டில் ஒரு இருப்பு எண் இருக்கும். எண் இல்லாத பொருளைத் தணிக்கைக்காரர்கள் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். ஆகவே பதிவாளர் ஆள் அனுப்பி மடைக்கல்லில் ஓர் எண் எழுதவைத்தார். எருமைகளின் கொம்புகளிலும் எழுதச் சொன்னார். ஒரு கொம்பில் முடித்து மறு கொம்புக்குப் போவதற்குள் எருமை முங்கிவிட்டதால் அது பாதி எண்ணோடு திரிந்தது. பிறகு ஏரியைப் பற்றி யாரும் கேள்வி கேட்கவில்லை.

தண்ணீர் லாரி வருவது நின்றது. ஹாஸ்டல் பெண்கள் எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு தலையை முழுசாக அலசிக் கரையில் உலர்த்தினார்கள். ஈரக்கூந்தல் வாசனை வகுப்பறைகளுக்குள் புகுந்து, பாடம் நடத்துகிறவர்களுக்கு அடுத்த வாக்கியம் மறந்துபோனது. கணிதத் துறைக்காரர்கள் ஏரியின் பரப்பை அளக்கப் போய், அளந்தபடியே காலை நனைத்து, காலை நனைத்தபடியே சாய்ந்து தூங்கிப்போனார்கள். ஒருவரோடொருவர் பேசாமல் இருந்த இரண்டு துறைத்தலைவர்கள் ஒரே மடைக்கல்லில் உட்கார்ந்து மீனுக்குப் பொரி போட்டார்கள். துரைக்கண்ணு எருமை கறக்கக் கற்றுக்கொண்டான், கேன்டீனில் டீ கெட்டியாயிற்று, டவுனிலிருந்து கல்யாணப் போட்டோ எடுக்கிறவர்கள் மாப்பிள்ளை பெண்ணோடு வந்து இறங்கினார்கள். எருமைகளுக்கு ஒரு முதலாளி இருக்கத்தானே வேண்டும் என்ற எண்ணம் எல்லாருக்கும் ஒரு முறையாவது வந்தது. டீயை ஊதிக் குடித்ததும் போய்விட்டது.

சுகந்தி காலையும் மாலையும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். அவள் எழுதிய அதே அல்லி இலையின் ஓரத்தில் அந்தச் சிவந்த பந்து மிதந்தது. கீழே காவல் நின்ற ஆண் விரால் முதல் நாள் அவள் கெண்டைக்காலை முட்டியது, பிறகு பழகிவிட்டது. கண்டதையெல்லாம் அவள் எழுதி அனுப்பினாள்; அதைப் படித்த நிதிக் குழு, மார்கழி மாதத்து வியாழக்கிழமை ஒன்றைக் குறித்து, ஏரியை நேரில் பார்க்க வருகிறோம் என்று சொல்லியனுப்பியது. "இனி உன் பேரச் சொல்லித்தாம்மா நம்ம மையம்" என்றார் ஞானப்பிரகாசம். அந்த வருஷமும் நிதி வராவிட்டால் தொட்டிகளை இடித்துவிட்டு வாகன நிறுத்தம் கட்டுவதென்று துறையில் ஏற்கெனவே முடிவாகியிருந்தது.

அந்த வியாழனுக்கு முந்தின நாள், புதன்கிழமை காலையில், வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். முன்னால் வந்த பொம்பளை, சேலையை வரிந்து கட்டிக் கையில் ஒரு கறவைச் சொம்போடு நின்றாள். பெயர் பொன்னுத்தாயி.

"யாரப் பாக்கணும்?" என்றான் துரைக்கண்ணு.

"ஏரியப் பாக்கணும்."

"ஐ.டி. கார்டு இருக்கா?"

"எனக்கா, ஏரிக்கா?"

துரைக்கண்ணு வாசல் நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து எருமைகள் இரண்டும் ஒருசேரக் கத்தின. பொன்னுத்தாயி சொம்பைத் தரையில் வைத்துவிட்டு ஓடினாள். கரையேறிப் பார்த்தவள், கொம்பில் எழுதியிருந்த பாதி எண்ணைக் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

"ஏரியத் தூக்கியாந்து டீ போட்டுக் குடிச்சிருக்கீக. அதுக்கு மேல வெள்ளையடிச்சு நம்பர் வேற!" என்றாள், கூட்டத்தைப் பார்த்து. "சரி, நல்லாருந்துச்சா டீ?"

"நல்லாத்தான் இருந்துச்சுக்கா" என்றான் துரைக்கண்ணு.

ஏரி காணாமல் போன காலையில் மடைக்குறிச்சியில் யாரும் அழவில்லை என்றும், எங்கேயாவது போயிருக்கும், வந்துவிடும் என்று கிணற்றுத் தண்ணீரை வைத்துக் கொஞ்ச நாள் ஓட்டினார்கள் என்றும், பிறகு ஏரியைத் தேடிப் பறந்த நாரைகள் போன திசையில் லாரியை விட்டார்கள் என்றும் பொன்னுத்தாயி மையத்தின் மாடியில் உட்கார்ந்து சொன்னாள். நாரை இறங்கிய இடத்தில் சாப்பிட்டார்கள், நாரை எழுந்ததும் கிளம்பினார்கள். அவ்வளவுதான் வழி.

"இருப்புப் பதிவேட்டுல ஏறிடுச்சும்மா" என்றார் ஞானப்பிரகாசம். "ஏத்துறது சுலபம். இறக்கணும்னா கமிட்டி போடணும், மூணு கையெழுத்து வேணும், பழுதான பொருள்னு சான்று வேணும்."

"பழுதா? எங்க ஏரியா?" பொன்னுத்தாயி எழுந்துவிட்டாள். "ஏத்துனது யாரோ அவங்களே எறக்கட்டும். யாருய்யா ஏத்துனது?"

பர்வீனின் கண்கள் மூலையில் நின்ற சுகந்தியிடம் போய்விட்டன. வசதிகள் பக்கம் எல்லாருடைய கோப்பிலும்தான் இருந்தது. இத்தனை வருஷமாக ஏரி அசையவில்லை. சுகந்தி எழுதிய பிறகுதான் வந்தது. அவள் எழுதியதை எடுத்தால் போய்விடும் என்று அந்த அறையில் எல்லாருக்கும் அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

"நான்தான்க்கா" என்றாள் சுகந்தி. யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள்.

பொன்னுத்தாயி அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். இடுப்புவரை நனைந்து காய்ந்து, ஏரியின் பாசிக்கோடு சேலையில் படிந்திருந்தது.

"நீயா? இம்புட்டுக்காணு இருந்துக்கிட்டு அம்மாம் பெரிய ஏரியத் தூக்கியாந்தியா?"

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் இருக்கட்டும்க்கா. குழு வருது. அவங்க பாத்துட்டுப் போனதும் நானே..."

"நெல்லுக் கதிரு பால் புடிக்கிற நேரம், தண்ணி வேணும் தாயி. அதுக்கு வியாழக்கிழமன்னாத் தெரியாது."

சுகந்தி பொன்னுத்தாயியின் கையைப் பிடித்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள், அல்லி இலையைக் காட்டினாள். பொன்னுத்தாயி குனிந்து பார்த்தாள். சிவந்த பந்து வெயிலில் உருண்டது.

"வெராக் குஞ்சு" என்றாள், குரலைத் தாழ்த்தி. "அடியில அப்பன்காரன் நிக்கான் பாரு. வாயத் தெறக்காம, வகுத்துக்குத் திங்காம. இத வச்சுத்தான் உனக்கு வேலையா?"

"ஆமாக்கா."

"நல்ல வேலதான்" என்றாள் பொன்னுத்தாயி. அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுகந்தி ஒருவேளை கெஞ்சியிருப்பாள்.

சுகந்தி மாடியேறிப் போய்ப் பர்வீனுக்கு எதிரே உட்கார்ந்தாள். விஷயம் அதற்குள் பரவிவிட்டது. வாசலில் கணிதத் துறைக்காரர்கள் நின்றார்கள், ஈரத்தலையோடு பெண்கள் நின்றார்கள், "ஒரு மீனுக்காக வரவழைச்சீங்க, இப்ப ஒரு எருமைக்காரிக்காக அனுப்புறீங்களா மேடம்?" என்று ஒரு துறைத்தலைவர் கேட்டார். "லாரித் தண்ணிய நீங்க வந்து இறக்கிக் குடுங்க." சுகந்தி கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தன் முன்மொழிவிலிருந்து ஏரியை வரிவரியாக எடுத்தாள். கோரையை எடுத்தாள், காலை வெயிலை எடுத்தாள், அல்லி இலையை எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் நின்றாள். பிறகு வசதிகள் பக்கத்தையும் உருவிவிட்டு, புதிதாக ஒன்று எழுதினாள்: நான்கு சிமென்ட் தொட்டிகள், அதில் ஒன்று கசியும். ஒரு வேப்பமரம். மதியம்வரை மட்டும் தெளிவாகத் தெரியும் ஒரு நுண்ணோக்கி. கடைசியாக, "எங்களிடம் ஏரி இல்லை. ஏரி வைத்திருப்பவர்களைத் தெரியும்" என்று எழுதினாள்.

பர்வீன் அதைக் குழுவுக்கு அனுப்பிய நேரம் டீ நேரம். ஏரி சத்தமில்லாமல் எழுந்தது. காயப்போட்ட சேலையை நாலு முனையும் பிடித்துத் தூக்கி மடிப்பதுபோல, ஓரங்கள் முதலில் உயர்ந்து, நடுவே மீன்கள் ஒரு கணம் வெள்ளியாய்க் குவிந்து, அல்லிகள் சொருகிக்கொள்ள, எருமைகள் அசைபோட்டபடியே உள்ளே போக, மடை மடங்க, மாட்டுத்தடம் சுருள, மடிப்புக்கு மேல் மடிப்பாகி, கடைசி மடிப்பில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்து மறைய, நாரைகள் பின்தொடர, மேற்கே போய்விட்டது. கையில் டீ கிளாஸ் வைத்திருந்தவர்கள் குடித்து முடித்தார்கள். இனி இந்த டீ கிடைக்காது என்று மெதுவாகக் குடித்தார்கள்.

பொன்னுத்தாயி லாரியில் ஏறும்போது சொன்னாள்: "கன்னு மட்டும் வேப்பமரத்துல கட்டிக் கெடக்கு."

"ஐயோ, மறந்துட்டீங்களேக்கா!"

"மறப்பேனா? விட்டுட்டுப் போறேன். கன்னு இல்லாட்டி தாய் சொரக்காது. நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள நீயே கொண்டாந்து விட்டுரு. சும்மா வான்னா நீ வர மாட்ட. உன் மூஞ்சி அப்படி."

வியாழக்கிழமை காலை குழுவினர் மூன்று பேர் வந்தார்கள். ஏரிக்கென்று ரப்பர் செருப்பு வாங்கி வந்திருந்தார்கள். வெறும் பொட்டலில், இன்னும் ஈரம் மணக்கும் மண்ணில் நின்று, மீன் செதில் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, குழுத்தலைவியான அம்மாள் கேட்டார்: "ஏரி எங்கேம்மா?"

"வீட்டுக்குப் போயிடுச்சு மேடம்" என்றாள் சுகந்தி. அது ஞானப்பிரகாசம் நின்ற இடம்வரை கேட்டது. "நானும் அங்கதான் போறேன். கன்னுக்குட்டிய விடணும். நீங்களும் வாங்களேன்."

பல்கலைக்கழக வேன் புறப்பட்டது. முன்னிருக்கையில் ஞானப்பிரகாசம், ஜன்னலோரம் குழுவினர், நடைபாதையில் கன்று. ஊர் தாண்டியதும் அது தலைவியம்மாளின் மடியில் தலையை வைத்துக்கொண்டது; மற்ற இரண்டு பேரும் அதைப் பார்த்தபடி தூங்கிப்போனார்கள். சாயங்கால வெயிலில் மடைக்குறிச்சி வந்தது. ஏரி அதன் இடத்தில், எங்கேயும் போகாததுபோல, கிடந்தது. மடைக்கல்லில் மட்டும் வெள்ளைப் பெயின்டில் ஓர் எண் இருந்தது. கன்று இறங்கி ஓடியது. பொன்னுத்தாயி திரும்பிப் பார்க்காமலே, "வந்துட்டியா? சோறு ஆக்கியிருக்கு, எல்லாரையும் வரச் சொல்லு" என்றாள்.

சுகந்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் போனாள். சிவந்த பந்து கரையிலிருந்து தூரத்தில் இருந்ததால், கரையில் ரப்பர் செருப்போடு நின்றவர்களுக்கு அவள் சத்தமாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள். எது அப்பன், எது குஞ்சு, யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று பொழுது இறங்கும்வரை சொன்னாள்.

பங்குனியில் பதில் வந்தது. பர்வீன் அதை மையத்தில் எல்லாருக்கும் வாசித்தாள்: நிதி வழங்கப்படுகிறது. ஒரே ஒரு நிபந்தனை, ஆய்வுக் காலம் முழுவதும் ஏரியை இடம் மாற்றக் கூடாது.

ஏரி இன்னும் பல்கலைக்கழகத்தின் இருப்பில்தான் இருக்கிறது. இறக்குவதற்குக் கமிட்டி கூடவேயில்லை. அதனால் ஒவ்வொரு வருஷமும் பொருள்களைச் சரிபார்க்கும் காலத்தில், அதைப் பார்த்துவரும் பொறுப்பைச் சுகந்தி தானே கேட்டு வாங்கிக்கொள்கிறாள். மடைக்கல்லில் தேய்ந்துவரும் எண்ணைத் தடவிப் பார்க்கிறாள், தண்ணீருக்குள் இறங்கி நிற்கிறாள். கெண்டைக்காலில் ஏதோ ஒன்று வந்து முட்டிவிட்டு, யாரென்று தெரிந்து விலகிப் போகிறது.

"உள்ளது" என்று எழுதிக்கொண்டு கரையேறுகிறாள்.